‘தக்ஷின்’ மூடிய பிறகு: சாப்பிட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை

2023 டிசம்பர் 20 அன்று சென்னை டி.டி.கே. சாலையில் இருந்த கிரவுன் பிளாசா அடையாறு பார்க் ஹோட்டல் மூடப்பட்டது. அதற்குள் 1989 முதல் நடந்துவந்த ‘தக்ஷின்’ உணவகமும் அதோடு போயிற்று. 1981-இல் ஹாலிடே இன் என்ற பெயரில் தொடங்கிய ஹோட்டல் அது. பிறகு பார்க் ஷெரட்டன் ஆயிற்று, கடைசியாக கிரவுன் பிளாசா ஆயிற்று. பெயர்ப் பலகை எத்தனை முறை மாறினாலும் எங்கள் வீட்டில் அது ஷெரட்டன்தான். ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் கடைசி வரை கொண்டுபோய் விட்டார்கள்.

சென்னைக்கு அது நல்ல மாதமாக இல்லை. மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மார்கழி பிறந்து கச்சேரிகளும் நடந்துகொண்டிருந்தன. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் அதே சாலையில்தான் இருக்கின்றன. இரவுக் கச்சேரி முடிந்து விருந்தினர்களை அழைத்துக்கொண்டு தக்ஷினுக்குப் போவது பல குடும்பங்களின் பழக்கமாக இருந்தது. அந்த ஆண்டு சபா கேன்டீன்களில் பாடகர்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த உணவகத்தைப் பற்றியும் பேசினார்கள். ஆளாளுக்கு ஒரு நினைவு. கேட்கக் கேட்க எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. உறவினர், அண்டை வீட்டார், பழைய அலுவலக நண்பர்கள் என்று அங்கே சாப்பிட்ட எல்லோரிடமும் அதைக் கேட்கத் தொடங்கினேன்: அங்கே நீங்கள் சாப்பிட்டதில் எது நினைவிருக்கிறது?

பெரும்பாலானவர்கள் “பிரமாதமாக இருக்கும்” என்றார்கள். என்ன பிரமாதம் என்று அடுத்துக் கேட்டால், தஞ்சாவூர் ஓவியங்கள், பித்தளை விளக்குகள், வெள்ளித் தட்டில் விரித்த வாழை இலை, மெல்லிய இசை என்று அறையைத்தான் வர்ணித்தார்கள். சாப்பாடு அவர்கள் நினைவில் கரைந்துவிட்டது. சிலர் மட்டும் உணவின் பெயர், அது எந்த ஊர்ப் பக்குவம், புளிப்பு எதிலிருந்து வந்தது, தாளிப்பில் என்ன இருந்தது என்று சொன்னார்கள். அடிக்கடி போனவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரே ஒருமுறை போன என் சித்தி மகள் அவ்வளவையும் சொன்னாள்; அலுவலகச் செலவில் மாதந்தோறும் போன ஒருவருக்கு இளநீர்ப் பாயசம் தவிர ஒன்றும் நினைவில்லை. துல்லியமாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் பரிமாறியவரோடு பேசிச் சாப்பிட்டவர்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இந்த உணவகம் ஏன் பெரிதாகப் பேசப்பட்டது என்பது இளையவர்களுக்குப் புரியாமல் போகலாம். எண்பதுகளில் சென்னையின் நட்சத்திர ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் சீன உணவு, முகலாய் உணவு, வெள்ளைக்காரர் பாணிச் சூப்பும் ரொட்டியும் என்றுதான் இருக்கும். காபி ஷாப்பில் இட்லி, தோசை கிடைக்கும், அவ்வளவே. நம்முடைய சாப்பாட்டுக்கு உட்லண்ட்ஸ் இருந்தது, சரவண பவன் இருந்தது, அசைவத்துக்கு மிலிட்டரி ஹோட்டல்கள் இருந்தன. பெரிய ஹோட்டலில் விருந்தினருக்குப் பெருமையோடு வைக்கும் உணவாக நம் சமையலை யாரும் எண்ணவில்லை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு பக்கத்துச் சமையலையும் ஒரே அறையில் முதன்மை உணவாக வைத்ததுதான் தக்ஷின் செய்த வேலை. அதன் சமையற்கட்டை நெடுங்காலம் வழிநடத்திய பிரவீன் ஆனந்த், பழைய சமையல் குறிப்புகளையும் வீட்டுச் சமையல்களையும் தேடித் தொகுத்தவராக அறியப்பட்டவர். அந்தத் தேடல் இல்லையென்றால் அது அழகான தூண்கள் உள்ள இன்னொரு சாப்பாட்டு அறையாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் ஒரு கேள்வி தொடக்கம் முதல் கடைசி நாள் வரை இருந்தது. “வீட்டில் செய்கிற கூட்டுக்கும் குழம்புக்கும் இவ்வளவு விலையா?” எங்கள் மயிலாப்பூர்ப் பெரியம்மா இதைக் கேட்காத நாள் கிடையாது. மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது அவன் பிடிவாதமாக அழைத்துப் போனான். பெரியம்மா இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் தேர்வுத் தாள் திருத்துவதுபோல ருசி பார்த்தார். ஒரு கூட்டு வந்ததும் பரிமாறியவரைக் கூப்பிட்டு, இதில் தேங்காயோடு வேறு என்ன அரைத்து விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் உள்ளே போய் ஒரு சமையல்காரரையே அழைத்துக்கொண்டு வந்தார். ஊறவைத்த பச்சரிசியும் சீரகமும் என்று சமையல்காரர் சொல்ல, எங்கள் பக்கம் இதற்குக் கடலைப் பருப்பு ஊறவைப்போம் என்று பெரியம்மா சொல்ல, பேச்சு நீண்டது. வீட்டுக்கு வந்ததும் விலையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பச்சரிசியை ஊறவைத்துவிட்டார்.

விலை கொடுப்பது எதற்கு என்பதற்கு அன்று எனக்குப் பதில் கிடைத்தது. எந்த வீட்டிலும் செய்வது அந்த வீட்டுச் சமையல்தான். தஞ்சாவூர்க்காரர் வீட்டில் மங்களூர்க் கோழிக் குழம்பான கோரி கஸ்ஸி கிடைக்காது, கோட்டயத்து வீட்டில் குண்டூர் ஊறுகாய் கிடைக்காது. இந்த வேறுபாடுகள் தெரிந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், கேட்டால் சொன்னார்கள். மத்தியதர வருமானத்துக்கு அது கனமான பில்தான், மறுக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் நல்ல நாள், விசேஷம் என்றுதான் போக முடிந்தது. அப்படிக் காசு சேர்த்துப் போகிறவர்கள்தான் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு வரவேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூடிவிட்ட இடம் என்பதற்காக மறைத்துப் பயனில்லை. மங்களூர்க்காரரான என் பழைய சக ஊழியர், கோரி கஸ்ஸியில் காரம் போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் முறையிடுவார். நாகர்கோவில் தோழி ஒருத்தி, மீன் குழம்பு அவள் அம்மா வைப்பதைவிடச் சாதுவாக இருந்தது என்றாள். வெளிநாட்டினரும் வடக்கத்தியரும் நிறைய வந்த இடம் அது. பொதுவான பக்குவத்தில் ஊர்க்காரம் குறைந்திருந்தது என்பதில் நியாயம் உண்டு. இதற்கு வழி இருந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே “எங்கள் வீட்டுக் காரத்துக்கு வேண்டும்” என்று சொன்னவர்களுக்கு அப்படியே வந்தது. எந்தப் பெரிய உணவகத்திலும் இதைத் தயங்காமல் சொல்லலாம். தட்டு வந்த பிறகு சொன்னால் மேலே மிளகாய்த்தூளைத் தூவித் தருவார்கள். அது குழம்பில் கொதித்த காரம் ஆகாது.

தொடக்கத்தில் வரும் சின்ன வாழைப்பழ தோசையையும் சட்னி வரிசையையும் பற்றிப் பேசாதவர்களே இல்லை. சட்னிகளைத் தொட்டுத் தொட்டு அதிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். பிறகு வரும் குழம்பு வகைகளுக்கு இடமிருக்காது. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே அழைத்துப் போவோம். இரவைவிட மதியமே எங்களுக்குப் பிடிக்கும். கூட்டம் குறைவாக இருக்கும், பரிமாறுபவருக்கு நின்று பேச நேரம் இருக்கும். இது இன்றைக்கும் எந்த உயர்தர உணவகத்துக்கும் பொருந்தும். சமையலைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் வார நாளில் மதியம் போங்கள்.

பேசுவது என்றால் எதைக் கேட்பது? பலருக்கு இங்கேதான் தயக்கம். செய்முறை என்ன என்று கேட்டால் எந்தச் சமையல்காரரும் முழுதாகச் சொல்லமாட்டார். கேட்பதும் சரியில்லை. நான் கேட்பது வேறு. இது எந்த ஊர்ப் பக்குவம்? புளிப்பு எதிலிருந்து வருகிறது: புளியா, தக்காளியா, மாங்காயா, தயிரா, குடம்புளியா? கெட்டித்தன்மை தருவது தேங்காயா, கசகசாவா, முந்திரியா, பருப்பா, அரிசியா? எந்த எண்ணெய்? காரம் மிளகாயினுடையதா, மிளகினுடையதா? இவற்றுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தால் வீட்டில் முக்கால் பங்கு தூரம் போய்விடலாம். நாம் கவனித்துச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்ததும் பரிமாறுபவர்கள் தாங்களாகவே கூடுதலாகச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். “இதைச் சாதத்தில் பிசையாமல் ஆப்பத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இஷ்டூவைச் சாதத்தோடு பரிமாறுவதே நின்றுவிட்டது.

என் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். சாப்பிட்டு முடித்து காபி வரும் நேரத்தில் எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் வழியிலேயே பாதி மறந்துவிடும். புகைப்படம் இதற்கு ஈடாகாது. தட்டின் படத்தைப் பார்த்து அது நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்று சொல்ல முடியாது. ஆனால் மெனு அட்டையை மட்டும் படமெடுத்து வையுங்கள், எல்லாப் பக்கங்களையும். உணவகம் மூடிய பிறகு எங்களிடையே நடந்த வாக்குவாதங்களில் பாதியைத் தீர்த்துவைத்தது என் மைத்துனர் எடுத்து வைத்திருந்த மெனுப் படங்கள்தான்.

பரிமாறியவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர்களில் பலர் உணவுக்கு முன்பாக அவர்களைத்தான் நினைத்துக்கொண்டார்கள். வேட்டி கட்டிய அந்த நடுத்தர வயதுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னிடமே கேட்டார்கள். ஒரு குடும்பத்தில் பாட்டிக்குப் பூண்டு ஆகாது என்பதை, அடுத்த முறை அவர்கள் வந்தபோது சொல்லாமலே நினைவில் வைத்திருந்தாராம் ஒருவர். வெளிநாட்டு விருந்தினருக்கு இலையில் எந்தப் பக்கம் எது வரும், ரசத்தை எப்போது ஊற்றிக்கொள்வது என்று அவமானப்படாதபடி சொல்லிக்கொடுத்தார்கள் என்று மென்பொருள் நிறுவன நண்பர் ஒருவர் சொன்னார். அவருடைய ஜெர்மன் மேலாளர் அதற்குப் பிறகு சென்னைக்கு வந்தபோதெல்லாம் கையால்தான் சாப்பிட்டாராம். இந்தத் திறமைக்குச் சான்றிதழ் கிடையாது. உணவகம் மூடும்போது இவர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள், தெரிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு.

அதனால், உங்களுக்குப் பிரியமான உணவகம் மூடப்போகிறது என்று தெரிந்தால் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்களுக்கு வழக்கமாகப் பரிமாறியவருக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பெயர் குறிப்பிட்டு, அவர் எதில் தேர்ந்தவர் என்று தெளிவாக எழுதுங்கள்: நான்கு மாநில உணவுகளையும் விளக்கத் தெரிந்தவர், முதியவர்களைக் கவனிக்கத் தெரிந்தவர் என்று. அடுத்த நேர்முகத் தேர்வில் அந்தத் தாள் அவருக்கு உதவும். அன்பளிப்பை பில்லோடு சேர்க்காமல் ரொக்கமாக அவர் கையிலேயே கொடுங்கள். எங்கே போகப்போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தக்ஷினின் கடைசி நாட்களில் என் தோழி ஒருத்தி இந்த மூன்றையும் செய்தாள். வேறொரு ஹோட்டலில் அவரைத் தேடிப் போய், வீட்டார் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்த மனிதரிடம் மறுபடி சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

கடைசி வாரங்களில் மேசை கிடைப்பது கடினம். இத்தனை நாள் போகாதவர்களும் அப்போதுதான் வருவார்கள். அது அவர்கள் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது பேராகப் போய் மெனு முழுவதையும் வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று நான்கு பேராகப் போய், உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு மூன்று உணவுகளை மட்டும் கேட்டு, நிதானமாகச் சாப்பிடுங்கள். சமையற்கட்டுக்கும் அது ஆறுதல்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிசுக் கூப்பன், உறுப்பினர் அட்டை, விழாவுக்கான முன்பணம் ஏதாவது இருந்தால், மூடும் செய்தி கேட்ட அன்றே எழுத்து மூலமாகக் கேளுங்கள். நகரின் வேறொரு உணவகம் முன்னறிவிப்பே இல்லாமல் மூடியபோது, என் அத்தை மகன் சஷ்டியப்த பூர்த்திக்காகக் கட்டிய முன்பணம் மாட்டிக்கொண்டது. ரசீதும் மின்னஞ்சலும் இருந்ததால்தான் அவனால் மீட்க முடிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இப்போது இளநீர்ப் பாயசம். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதியே ஆக வேண்டும். நான் தருவது வீட்டில் நாங்கள் கண்டடைந்த பக்குவம், உணவகத்தின் செய்முறை என்று உரிமை கோரவில்லை. பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, முழுதாக ஆறவிட வேண்டும். இளநீரின் வழுக்கையில் பாதியைக் கொஞ்சம் இளநீர் விட்டு மிக்சியில் மசித்து, மீதியைப் பொடியாக நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பால் குளிர்ந்த பிறகுதான் முதல் தேங்காய்ப்பாலையும் வழுக்கையையும் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது தேங்காய்ப்பாலை ஊற்றினால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஏலக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், இளநீரின் மணத்தை அது விழுங்கிவிடும். வழுக்கை ஆடை போல மெல்லியதாக இருக்க வேண்டும். கெட்டிப்பட்டுத் தேங்காயாகத் தொடங்கிய காய் இதற்கு ஆகாது. இளநீர்க் கடைக்காரரிடம் “வழுக்கையாக வேண்டும், பாயசத்துக்கு” என்று சொன்னால் தட்டிப் பார்த்தே எடுத்துத் தருவார். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் இருந்தால் போதும். மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

2008-இல் கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்பட்டபோதும் நகரம் இப்படித்தான் பேசியது. அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஆனால் இரண்டு இழப்புகளும் ஒன்றல்ல. உட்லண்ட்ஸில் போனது மர நிழலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேச ஒரு இடமும். அங்கே கிடைத்த சாம்பார் வடையும் மசால் தோசையும் சென்னையின் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. தக்ஷினில் சமைத்த பலவற்றைத் தெருமுனை ஹோட்டலில் எதிர்பார்க்க முடியாது. அவற்றை யாராவது சமைத்தால்தான் அவை இருக்கும். அதனால்தான் குறிப்பெடுப்பதைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

நட்சத்திர ஹோட்டலில் நம் சமையலைச் சாப்பிட இப்போது எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: தாஜ் கோரமண்டலில் ‘சதர்ன் ஸ்பைஸ்’ இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலுக்கு, பின்னி சாலையில் கன்னிமாரா ஹோட்டலின் ‘ரெயின்ட்ரீ’. கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவின் ‘அவர்தனா’ புதிய பாணியில் வரிசையாகத் தட்டுகள் வைக்கும் இடம். இலைச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், திறந்த மனத்தோடு போனால் ரசத்தை வைத்து இத்தனை செய்யலாமா என்று வியப்பீர்கள். தக்ஷின் என்ற பெயரிலேயே பெங்களூரு ஐடிசி விண்ட்சரிலும் ஐதராபாத் ஐடிசி காகதீயாவிலும் உணவகங்கள் உண்டு. இப்படிப்பட்ட பெரிய ஹோட்டல்களில் உணவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உணவகங்களில் அது 5 சதவீதம்.

உணவகம் மூடிய அடுத்த ஆண்டிலிருந்து நாங்கள் சில குடும்பங்கள் அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒவ்வொருவரும் தங்கள் குறிப்பிலோ நினைவிலோ உள்ள ஒரு உணவைச் செய்து கொண்டுவர வேண்டும், அது எந்த ஊருடையது என்றும் சொல்ல வேண்டும். “பிரமாதமாக இருக்கும்” என்று மட்டும் சொன்னவர்களும் இப்போது புளிப்பைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். சித்தி மகள் வாழைப்பழ தோசையைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள். நன்றாகக் கனிந்த பழமும், மாவைக் கால் மணி நேரம் ஊறவைப்பதும்தான் பக்குவம் என்கிறாள். அடுத்த முறை மங்களூர் நண்பரின் முறை. கோரி கஸ்ஸி கொண்டுவருகிறார். காரத்தை யாருக்காகவும் குறைக்கப் போவதில்லை என்று இப்போதே சொல்லி அனுப்பிவிட்டார்.